பம்பிள்பீக்கு எந்த மாதம் பசிக்கிறது?

தேனீக்கள் அழிந்துகொண்டிருக்கின்றன என்று செய்தி வரும்போதெல்லாம் கூடவே ஒரு தேன்பெட்டியின் படத்தைப் போட்டுவிடுகிறார்கள். பெட்டியில் வளரும் தேனீ அப்படியொன்றும் அழிவின் விளிம்பில் இல்லை. உலகளவில் வளர்ப்புப் பெட்டிகளின் எண்ணிக்கை 1960களை விட இன்று கூடுதல்தான். தடுமாறுவது பெட்டிக்கு வெளியே, மண்ணிலும் புல்லிலும் தானாக வாழும் காட்டுத் தேனீக்கள்.

விவசாயம் என்று வந்துவிட்டால் பேச்சு இரண்டாகப் பிரிந்துவிடும். "ஐரோப்பாவில் கண்ணுக்கெட்டிய தூரம் மஞ்சளாகப் பூத்து நிற்கிறதே, தேனீக்கு என்ன குறை?" என்பது ஒரு கட்சி. "வயல் என்றாலே தேனீக்குச் சாவு" என்பது எதிர்க்கட்சி. இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைப் புரிந்துகொள்ள, இங்கிலாந்து, ஜெர்மனி, ஸ்வீடன் வயல்களில் வாழும் பம்பிள்பீ என்ற காட்டுத் தேனீயைப் பார்ப்பது நல்லது. இதைப் பற்றி அங்கே முப்பது வருடங்களுக்கு மேலாகப் பொறுமையாக எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்.

எந்தத் தேனீ இது?

பம்பிள்பீ குண்டாக இருக்கும். உடல் முழுக்க அடர்ந்த ரோமம். கறுப்பும் மஞ்சளுமாகப் பட்டைகள், சில இனங்களில் வால்நுனி வெள்ளை அல்லது செங்கல் நிறம். உலகில் சுமார் 250 இனங்கள் உண்டு, பெரும்பாலும் குளிர்ப் பிரதேசங்களில். இந்தியாவில் இமயமலைப் பகுதியில்தான் இவை இருக்கின்றன. சிக்கிமின் பெரிய ஏலக்காயில் மகரந்தச் சேர்க்கையை முக்கியமாகச் செய்வது பம்பிள்பீதான். தமிழ்நாட்டில் காய்ந்த மூங்கிலிலும் உத்தரத்திலும் துளை போட்டுக் குடியிருக்கிற, இறக்கை நீலமாக மினுங்கும் பெரிய கருவண்டைப் பார்த்துவிட்டுப் பலர் இதுதான் பம்பிள்பீ என்று நினைக்கிறார்கள். அது தச்சுத் தேனீ, வேறு பேரினம்.

ரோமம் சும்மா அழகுக்கு இல்லை. பறப்பதற்கு பம்பிள்பீயின் மார்புத் தசைகள் ஏறத்தாழ 30 டிகிரி சூட்டில் இருக்க வேண்டும். வெளியே 10 டிகிரிதான் என்றாலும், இறக்கையை அசைக்காமல் தசையை மட்டும் நடுங்கவைத்து அந்தச் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். அதனால்தான் தேனீப் பெட்டியில் எல்லோரும் முடங்கிக் கிடக்கிற ஈரமான ஏப்ரல் காலையிலும் ஆப்பிள் தோட்டத்தில் பம்பிள்பீ வேலைக்கு வந்துவிடுகிறது.

அதே நடுக்கத்தை அது பூவிலும் பயன்படுத்துகிறது. தக்காளிப் பூவில் மகரந்தம், அதாவது பூவின் ஆண் தூள், ஒரு குழாய்க்குள் அடைந்து கிடக்கும். பம்பிள்பீ அந்தக் குழாயைத் தாடையால் கவ்விப் பிடித்து உடலை அதிரவைக்கும். நுனித் துளை வழியே தூள் கொட்டும். இதற்கு அதிர்வு மகரந்தச் சேர்க்கை என்று பெயர். வளர்ப்புத் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. 1980களின் கடைசியில் பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் பசுமைக்குடில் தக்காளிக்காக பம்பிள்பீயைப் பெட்டியில் வளர்த்து விற்க ஆரம்பித்ததற்குக் காரணம் இதுதான். குடிலில் வேலை நடக்கிறதா என்று பார்க்க, விவசாயி தேனீயைத் தேடி அலைய மாட்டார். தக்காளிப் பூவின் நடுவே கூம்பாக நிற்கும் மகரந்தக் குழாயைத் திருப்பிப் பார்ப்பார். தாடை பட்ட இடம் பழுப்பாகக் கன்றியிருந்தால் சரி, தேனீ வந்து போயிருக்கிறது.

ஒரே வருடம் வாழும் குடும்பம்

தேனீப் பெட்டியில் ஒரு குடும்பம் வருடக்கணக்கில் தொடரும். குளிர்காலத்துக்கென்று கிலோக்கணக்கில் தேன் சேர்த்துவைக்கும். பம்பிள்பீயிடம் அந்தச் சேமிப்பு கிடையாது. ஒரு கூட்டில் ஒரு நேரத்தில் இருப்பது சில நாள் சாப்பாடுதான். குடும்பமும் ஒரு வருடத்தோடு கலைந்துவிடும்.

கதை வசந்தத்தின் தொடக்கத்தில், பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரலுக்குள், ஒற்றை ராணியிலிருந்து ஆரம்பிக்கிறது. குளிர்காலம் முழுக்க மண்ணுக்குள் தூங்கிய ராணி உடல் கொழுப்பெல்லாம் கரைந்து வெளியே வருகிறது. முதலில் அதற்குச் சாப்பாடு வேண்டும். அந்த நேரத்தில் பூத்திருப்பவை மிகக் குறைவு. வில்லோ மரத்தின் பஞ்சு போன்ற பூங்கொத்துகளும், நம் தும்பையின் குடும்பத்தைச் சேர்ந்த டெட் நெட்டில் செடியும்தான் கை கொடுக்கும். கொஞ்சம் தெம்பு வந்ததும் ராணி வீடு தேடும். உயிர்வேலியின் அடியிலும் அடர்ந்த புல் திட்டுகளிலும் தரையை ஒட்டித் தாழ்வாக, இப்படியும் அப்படியும் வளைந்து பறந்து, எலி விட்டுப்போன வளையாகப் பார்த்துப் புகும்.

உள்ளே அது செய்வதை அறிந்துகொண்டால்தான் மற்றதெல்லாம் விளங்கும். மகரந்தத்தைப் பிசைந்து ஓர் உருண்டை வைத்து அதன் மேல் முட்டையிடும். எதிரே மெழுகால் சின்னதாக ஒரு குடம் செய்து அதில் பூந்தேனை நிரப்பும். பிறகு உருண்டையின் மேல் வயிற்றை அழுத்திப் படுத்து, தசையை நடுங்கவைத்து, கோழி மாதிரி அடைகாக்கும். முகம் குடத்தைப் பார்த்தபடி, நாக்கை நீட்டினால் தேன் எட்டுகிற தூரத்தில் இருக்கும். குடம் காலியானால் வெளியே போயே ஆக வேண்டும். போன நேரத்தில் முட்டைகள் குளிர்ந்துவிடும். பூ 100 மீட்டரில் இருந்தால் சீக்கிரம் திரும்பலாம், ஒரு கிலோமீட்டரில் இருந்தால் குஞ்சுகள் பாடு திண்டாட்டம். வயலோரத்தில் ஏப்ரல் மாதம் நாலு பூ இருப்பதும் இல்லாததும் ஒரு குடும்பம் உருவாவதையே தீர்மானிப்பது இப்படித்தான்.

நாலைந்து வாரத்தில் முதல் வேலைக்காரத் தேனீக்கள் பிறக்கும். அவை எல்லாம் ராணியின் மகள்கள், அளவில் சிறியவை. உணவு தேடும் பொறுப்பு அவற்றிடம் போய்விடும், ராணி அதன்பின் வெளியே வருவதில்லை. நன்றாக வளர்ந்த கூட்டில், சில இனங்களில், சில நூறு பேர் இருப்பார்கள். கோடையின் பிற்பகுதியில் கூடு வேறு வகைப் பிள்ளைகளை வளர்க்கத் தொடங்கும்: ஆண்களும் அடுத்த தலைமுறை ராணிகளும். இலையுதிர் காலத்தில் பழைய ராணி, வேலைக்காரர்கள், ஆண்கள் எல்லாரும் இறந்துபோவார்கள். இணைசேர்ந்த இளம் ராணிகள் மட்டும் மண்ணுக்குள் போகும்.

இதுவரை பார்த்ததில் ஒன்றை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். வேலைக்காரத் தேனீ எத்தனை பிறந்தாலும் அடுத்த வருடத்துக்கு அதனால் ஒன்றும் மிஞ்சாது. கடைசியில் எத்தனை புது ராணிகள் பிறந்தன என்பதுதான் கூட்டின் கணக்கு. அந்த ராணிகள் வளர்வதோ பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்டில்.

ஒரு மாதப் பந்தி

உங்கள் தெருமுனைக் கல்யாண மண்டபத்தில் ஒரு மாதம் முழுக்க தினமும் பந்தி நடக்கிறது, யார் வேண்டுமானாலும் உட்காரலாம் என்று வைத்துக்கொள்வோம். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் எல்லாம் வந்து குவிவார்கள். மண்டபத்து வாசலில் நின்று தலையை எண்ணுகிறவர் "இந்த ஊரில் ஜனத்தொகை பெருகிவிட்டது" என்று எழுதினால் சிரிப்போம். அதோடு, பந்தி முடிந்த மறுநாள் எந்த வீட்டிலும் உலை வைக்க அரிசி இல்லை என்றால், ஒரு மாதம் வயிறாரச் சாப்பிட்டதை நினைத்து எத்தனை நாள் ஓட்ட முடியும்?

வயலில் அந்தப் பந்தி, ரேப்சீட் என்கிற எண்ணெய்வித்துப் பயிர். கடுகின் நெருங்கிய உறவு. கனோலா எண்ணெய் என்று கடையில் விற்பது இதன் ஒரு வகைதான். இப்படி ஒரே நேரத்தில் பல ஹெக்டேர் முழுக்கப் பூக்கிறவற்றைப் பெருந்திரள் பூப்பயிர் என்கிறார்கள். ரேப்சீட் ஏப்ரல், மே மாதங்களில் ஏறத்தாழ நாலு வாரம் பூக்கும். தேனும் மகரந்தமும் தாராளம்.

ஜெர்மனியின் கட்டிங்கன் வட்டாரத்தில் நடந்து 2003இல் வெளியான ஓர் ஆய்வு முதல் கட்சிக்குப் பெரிய உற்சாகம் தந்தது. சுற்றுவட்டத்தில் ரேப்சீட் எவ்வளவு அதிகமோ, அவ்வளவு பம்பிள்பீக்கள் பிற்பாடு அங்கே தென்பட்டன. இது வெறும் கூட்டம் கூடல் இல்லை. எண்ணியது ரேப்சீட் பூத்து முடிந்த பிறகு, வேறு பூக்களில். அதாவது பயிர் நிஜமாகவே கூடுகளை வளர்த்திருக்கிறது. சரி, விஷயம் முடிந்தது என்று பலர் நினைத்தார்கள்.

முடியவில்லை. அதே குழுவினர் 2009இல் அடுத்த படியைப் பார்த்தார்கள். ரேப்சீட் அதிகமுள்ள இடங்களில் வைத்த கூடுகள் சீக்கிரமாக எடை கூடின, வேலைக்காரத் தேனீக்களும் அதிகம். ஆனால் ஆண்கள், புது ராணிகள் கணக்கில் அந்த ஆதாயம் தெரியவில்லை. காரணத்தை ஊகிக்கக் கஷ்டமில்லை. மே கடைசியில் மஞ்சள் மறைந்து வயல் பச்சையாகிவிடும். கூடு பெருத்திருக்கும், வாய்களும் பெருகியிருக்கும். சுற்றிலும் கோதுமையும் பார்லியும். அவை பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே விளையும் பயிர்கள், தேன் சுரப்பதே இல்லை. ஜூன், ஜூலையில் வரும் இந்த வெறுமையைப் பசி இடைவெளி என்று சொல்லலாம். ராணிகளை வளர்க்க வேண்டிய பருவத்துக்குச் சற்று முன்பாக அது வந்து நிற்கிறது.

இதற்கு நேர் எதிர்ப் பக்கத்திலிருந்து ஒரு சாட்சி ஸ்வீடனிலிருந்து 2014இல் வந்தது. தெற்கு ஸ்வீடனில் விதைக்காகச் சிவப்பு க்ளோவர் என்ற தீவனப் பயிரை வளர்க்கிறார்கள். அது கோடையின் நடுவில், ரேப்சீட்டுக்கு வெகுநாள் கழித்துப் பூக்கும். க்ளோவர் வயல் உள்ள இடங்களில் பம்பிள்பீ ராணிகளும் ஆண்களும் அதிகமாக இருந்தன. இரண்டுமே பெருந்திரள் பூப்பயிர்தான். ஒன்று வேலைக்காரரைக் கூட்டுகிறது, இன்னொன்று ராணியைக் கூட்டுகிறது. வித்தியாசம் தேதியில் இருக்கிறது.

என்னைக் கேட்டால், "பயிர்ப் பூ தேனீக்கு நல்லதா கெட்டதா" என்ற கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு "எந்த மாதப் பூ" என்று கேட்டாலே பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

நாக்கு நீளம்

பம்பிள்பீ என்று மொத்தமாகச் சொல்லிக்கொண்டு போகிறோம். பிரிட்டனில் மட்டும் 24 இனங்கள் உண்டு. அவற்றைப் பிரித்துப் பார்க்க உதவும் முக்கியமான ஒன்று நாக்கு. பூக்குழாய்க்குள் நீட்டித் தேன் உறிஞ்சும் உறுப்பு அது. சில இனங்களுக்குக் குட்டை, தோட்டத்து பம்பிள்பீ போன்ற சிலவற்றுக்கு உடலளவுக்கே நீளும்.

ரேப்சீட் பூ ஆழமில்லாதது, யாரும் குடிக்கலாம். ஃபாவா பீன்ஸ், க்ளோவர் பூக்களில் தேன் ஆழத்தில் இருக்கும். குட்டை நாக்குக்காரி அங்கே என்ன செய்யும்? பீன்ஸ் வயலில் ஜூன் மாதம் ஒரு பூவைப் பறித்து அடிப்பகுதியைப் பார்த்தால் தெரியும்: குண்டூசி குத்தினாற்போல ஒரு துளை. வாசல் வழியாக வராமல் பக்கச் சுவரைக் கடித்துத் தேனைக் குடித்துவிட்டுப் போயிருக்கிறது. இதற்குத் தேன் திருட்டு என்றே பெயர். திருடிக்கு மகரந்தம் ஒட்டுவதில்லை, எனவே பூவுக்குச் செய்ய வேண்டிய வேலையும் பெரும்பாலும் நடப்பதில்லை. ஒரு முறை துளை விழுந்துவிட்டால் மற்ற தேனீக்களும் அந்தப் பின்வாசலையே பயன்படுத்தும்.

ரேப்சீட் நாக்குக் குட்டையான இனங்களைத்தான் அதிகம் வளர்க்கிறது. ஜெர்மனியில் 2010இல் வெளியான ஆய்வு ஒன்றில், ரேப்சீட் மிகுந்த பகுதிகளில் ஆழமான பூக்களுக்கு வரும் நீள நாக்கு இனங்கள் குறைவாகவும், சிவப்பு க்ளோவரில் தேன் திருட்டு அதிகமாகவும் இருந்தது. வயலில் மொத்தத் தேனீ எண்ணிக்கை ஏறியிருந்தாலும், உள்ளே யார் ஏறினார் யார் இறங்கினார் என்று தனியாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

க்ளோவர் போன கதை

நீள நாக்கு இனங்களின் சரிவுக்கு வேர் ரேப்சீட்டில் இல்லை, அதற்கும் முந்தையது.

டிராக்டர் வருவதற்கு முன் இங்கிலாந்துப் பண்ணையை இழுத்தது குதிரை. குதிரைக்குத் தீவனம் வேண்டும், அதில் முக்கியமானது சிவப்பு க்ளோவர். அது பயறு வகைக் குடும்பம், வேரில் தங்கும் பாக்டீரியா மூலம் காற்றின் நைட்ரஜனை மண்ணுக்குக் கொண்டுவரும். ஆகவே கோதுமைக்கு முன்னால் வயலுக்கு உரமாகவும் க்ளோவரை விதைத்தார்கள். நீள நாக்கு பம்பிள்பீக்களுக்கு அது பொற்காலம். நியூசிலாந்தில் குடியேறிய ஆங்கிலேயர்கள் அங்கே க்ளோவர் போட்டுப் பார்த்தார்கள். விதை சரியாகப் பிடிக்கவில்லை. 1885இல் இங்கிலாந்திலிருந்து உறக்கத்தில் இருந்த பம்பிள்பீ ராணிகளைக் குளிர்பதன வசதியுள்ள கப்பலில் ஏற்றிக் கொண்டுபோய் கான்டர்பரியில் விட்டார்கள். அவை பிழைத்துப் பெருகின.

ஊரிலோ கதை மாறியது. குதிரை போயிற்று. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு செயற்கை நைட்ரஜன் உரம் மலிவாகக் கிடைத்தது, க்ளோவரின் தேவை போயிற்று. உரம் போட்ட புல்வெளியில் புல் வேகமாக வளர்ந்து பூச்செடிகளை அமுக்கிவிடும். காயவைக்கும் தீவனப்புல்லைக் கோடை நடுவில் ஒரு முறை அறுத்த காலம் போய், பச்சையாகவே பதப்படுத்தும் சைலேஜுக்காக மே மாதத்திலிருந்தே திரும்பத் திரும்ப அறுக்க ஆரம்பித்தார்கள். எந்தச் செடிக்கும் பூக்க அவகாசமில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1930களுக்கும் 1984க்கும் இடையில் பூக்கள் நிறைந்த தாழ்நிலப் புல்வெளிகளில் 97 சதவீதம் காணாமல் போனது. இந்த எண்ணை முதலில் படிக்கும்போது அச்சுப்பிழையோ என்றுதான் தோன்றும்.

குட்டை ரோம பம்பிள்பீ என்ற இனம் பிரிட்டனில் கடைசியாகக் காணப்பட்டது 1988இல், கென்ட் மாவட்டத்தின் டஞ்சனஸ் அருகே. 2000இல் அது அங்கே அற்றுப்போனதாக அறிவித்தார்கள். இதில் வேடிக்கை, நியூசிலாந்துக்குப் போன அதே இனத்தின் சந்ததி அங்கே இன்னும் இருக்கிறது. அங்கிருந்து திருப்பிக் கொண்டுவர எடுத்த முயற்சி பலிக்கவில்லை. பிறகு 2012இலிருந்து ஸ்வீடன் ராணிகளை டஞ்சனஸில் விட்டார்கள்.

பெரிய மஞ்சள் பம்பிள்பீ ஸ்காட்லாந்தின் வட கோடியில், ஆர்க்னி, ஹெப்ரிடிஸ் தீவுகளின் கடற்கரைப் புல்வெளிகளில் இன்னமும் தங்கியிருக்கிறது. அதுவும் விவசாய நிலம்தான். சிறு விவசாயிகள் துண்டுத் துண்டாக ஓட்ஸும் ரை என்ற தானியமும் போடுகிறார்கள், சில வருடம் தரிசாக விடுகிறார்கள், கோடையில் மாடுகளை வேறு பக்கம் ஓட்டிவிடுகிறார்கள். தரிசில் க்ளோவரும் வெட்ச் என்ற பயறு வகைக் கொடியும் பூக்கின்றன. அங்கே தேனீக்காக யாரும் தனியாகத் திட்டம் போட்டு ஆரம்பித்ததல்ல இது, பிழைப்பு முறை அப்படி அமைந்துவிட்டது.

விதையோடு வரும் மருந்து

இரண்டாவது கட்சியின் வாதத்துக்கும் ஆதாரம் உண்டு. நியோநிகோட்டினாய்டு என்பது விதையின் மேல் பூசும் பூச்சிக்கொல்லி. செடி வளரும்போது அது சாறோடு ஏறித் தேன், மகரந்தம் வரை போகும். ஸ்வீடனில் 16 ரேப்சீட் வயல்களில் பாதிக்குப் பூசிய விதை, பாதிக்குப் பூசாத விதை என்று போட்டுப் பார்த்த முடிவு 2015இல் வந்தது. பூசிய வயல்களின் அருகே பம்பிள்பீக் கூடுகள் வளரவில்லை. தேன்பெட்டிகளில் அப்படிப் பாதிப்பு தெரியவில்லை. ஆயிரக்கணக்கில் ஆட்கள் உள்ள பெட்டி ஓர் இழப்பைத் தாங்கும், நூறு பேர் உள்ள கூடு தாங்காது. தேன்பெட்டியில் சோதித்துவிட்டு எல்லாத் தேனீக்கும் பாதுகாப்பு என்று சொல்வதில் உள்ள ஓட்டை இதுதான். 2018இல் ஐரோப்பிய ஒன்றியம் இவ்வகையில் மூன்று மருந்துகளைத் திறந்தவெளிப் பயிர்களில் தடைசெய்தது.

ஆனால் மருந்தை முழுக்க நிறுத்தினாலும் ஜூலையில் பூ முளைத்துவிடாது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்ப வேண்டாம்.

வரப்போரத்தில்

இங்கிலாந்தின் பக்கிங்ஹாம்ஷயர் பகுதியில் ஹில்ஸ்டன் என்ற பண்ணை நிலத்தில் நடந்த ஆய்வு 2017இல் வெளியானது. வசந்த ராணிகள், கோடை வேலைக்காரர்கள், அடுத்த வருட ராணிகள் ஆகியோரின் டிஎன்ஏவைப் பொருத்தி, எந்தத் தாயின் மகள்கள் மறுவருடம் பிழைத்து வந்தார்கள் என்று குடும்பம் குடும்பமாகத் தேடினார்கள். பிறந்த கூட்டைச் சுற்றி 250 முதல் 1,000 மீட்டருக்குள் நல்ல பூவிடங்கள், குறிப்பாக வசந்த காலப் பூக்கள், எவ்வளவு அதிகமோ அவ்வளவுக்கு வம்சம் தொடர்ந்தது. தூரத்து வனம் இதற்கு உதவாது. பம்பிள்பீக்கு, வளர்ப்புத் தேனீ போல ஆடிக் காட்டித் திசை சொல்லும் வழக்கமும் இல்லை. ஒவ்வொன்றும் தானே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும், பெரும்பாலும் ஒரு கிலோமீட்டருக்குள்.

இதனால்தான் அங்கே அரசு மானியத்தில் விவசாயிகள் வயலின் ஓரத்தில் ஒரு பட்டையை விட்டுக்கொடுத்து, க்ளோவர், வெட்ச் போன்றவற்றைக் கலந்து விதைக்கிறார்கள். விளைச்சல் எப்படியும் குறைவாக இருக்கும் நிழல் மூலைகளும் கோணல் துண்டுகளும்தான் பெரும்பாலும் இதற்குப் போகும். நட்டமில்லை. பட்டை நாலைந்து வருடம் நன்றாக இருக்கும், பிறகு புல் மேலோங்கிவிடும், மறுபடி உழுது விதைக்க வேண்டும். உயிர்வேலியை வருடாவருடம் வழித்துவிடாமல் இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை வெட்டினால் அதுவே ஏப்ரல், மேயில் பூக்கும், ஏனென்றால் ஹாதார்ன் போன்ற வேலிச்செடிகள் முந்தின வருடக் கிளையில்தான் பூ விடும். வேலியடியில் எலி வளைக்கும் குறைவிருக்காது.

அனுபவமுள்ளவர்கள் சொல்லும் ஒரு வேலை ரொம்ப எளிது. க்ளோவர் பட்டையை ஜூன் தொடக்கத்தில் பாதி மட்டும் அறுத்துவிட வேண்டும். அறுக்காத பாதி உடனே பூக்கும். அறுத்த பாதி தழைத்து ஆகஸ்டில் பூக்கும்.